வெள்ளை விட்ட இடம்

முயலின் காது ஒரு விரல் அளவுக்கு நீண்டுவிட்டது.

"அக்கா!" என்று அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து குரல் வந்ததுதான் காரணம். பலகைமேல் குந்தியிருந்தவள் திரும்பவில்லை. கை மட்டும் துள்ளிவிட்டது. காதின் நுனியில் நிற்க வேண்டிய கோடு நிற்காமல் வானத்துக்குள் போய்விட்டது. பல்லில் கடித்திருந்த இரண்டாவது தூரிகையை எடுத்துவிட்டு, "கூப்பிடறதுக்கு நேரம் பாத்த பாரு" என்றாள்.

கீழே தம்பி செல்போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். "என்னக்கா, முயல் ரேடியோ கேக்குதா? ஏரியல் வச்சிருக்க?"

"சிரிடா. நீ வச்ச ஏரியல்தான் அது."

"வெள்ளைய வச்சு ஒரு இழுப்பு இழுத்துவிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"வெள்ளை வைக்கக்கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?"

அவளிடம் வெள்ளை டப்பாவே கிடையாது. இருந்தது ஒரே ஒரு கருப்பு. படத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் சுவர். மானின் வயிறு, ஆற்றின் நடு, மலைக்கு மேலே மேகம், எருமைக் கொம்பின் வளைவு, எல்லாமே அவள் தொடாமல் விட்ட சுவர். அதைச் சுற்றி மயிரிழைக் கோடுகள். ஒரு பக்கம் சாய்த்து ஒரு வரிசை. இருட்டு வேண்டுமென்றால் அதன் குறுக்கே இன்னொரு வரிசை. இன்னும் இருட்டு வேண்டுமென்றால் அதற்கும் மேலே ஒன்று. தள்ளி நின்று பார்த்தால், செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்செடுத்த பழைய காலத்துப் படம் மாதிரி இருக்கும். தப்பிப்போன கோட்டை அழிக்க முடியாது. அதற்கு வேறு ஏதாவது வேலை கொடுக்கலாம், அவ்வளவுதான்.

தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வானத்துக்குள் போன கோட்டின் தலையில் சின்னச் சின்னதாய்க் கீறினாள். கோடு கோரைப்புல் ஆயிற்று. முயலுக்குப் பின்னால் முளைத்து அதன் காதுக்கு மேலே எட்டிப் பார்க்கிற புல். அந்த மேட்டில் வேறு புல்லே இல்லை. பக்கத்தில் துணைக்கு ஒன்று வைக்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டாள்.

"பொழச்சுக்கிச்சு," என்றான் தம்பி. "சரி, ஒதுங்கு. போட்டோ."

அவள் இறங்கிவந்து, மெல்லிய துணியால் சுவரின் தூசியைத் தட்டிவிட்டு, விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் இது நடந்தது. விளக்கை நேரே காட்டினால் கோடு பளபளத்துவிடும். பக்கத்தில் காட்டினால் சுவரின் சொரசொரப்பு துருத்திக்கொண்டு தெரியும். சாய்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். தம்பி இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு சாண் கூட விடாமல், ஒவ்வொரு துண்டாகப் படம் எடுத்துக்கொண்டே போவான்.

"எதுக்குடா இத்தனை? முன்னால நின்னு ஒண்ணு எடுத்தா போதாதா?"

"எங்க அக்கா வரைஞ்சதுக்கா. நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா?"

அன்றைக்கு அவளுக்கு முதுகுவலி தெரியவில்லை.

கிளம்பும்போது அவன் படத்தின் கீழ்ப்பகுதியைக் கை நீட்டிக் காட்டினான். குளத்தின் இந்தக் கரையில், ஒரு ஆள் உட்கார்ந்தால் மறைக்கிற அளவு, ஒன்றும் இல்லாமல் இருந்தது. "இங்க என்னக்கா வரப்போகுது?"

"வரும்போது பாரு."

"சொல்லேன்."

"போடா."

*

கண் ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாகக் கட்டிய பகுதி அது. நோயாளிகள் உட்கார்ந்து காத்திருக்கும் கூடம். நாற்காலிகள் இன்னும் பிளாஸ்டிக் உறையோடு ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. தம்பிக்கு உள்அலங்கார வேலைகளை எடுத்து முடித்துக் கொடுக்கிற தொழில். மேல்கூரைப் பலகை, தடுப்பு, திரைச்சீலை, சுவர் எல்லாம் அவன் பொறுப்பு. சுவர் என்று வந்தால் அக்கா.

"கண்ணுல சொட்டு மருந்து விட்டு மூடிக்கிட்டு உக்காந்திருப்பானுங்க," என்றார் அவளுடைய வீட்டுக்காரர், வேலை கிடைத்த அன்று. "அவனுங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய படம்?"

"கூட வந்தவங்க பாப்பாங்கல்ல."

"கூட வந்தவன் செல்போனைப் பாப்பான்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் தயவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பேச்சு இப்படித்தான் இருக்கும். ஆனாலும் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு என்ன மிருகம்?" என்று கேட்டுவிடுவார். எருமை என்றால் எத்தனை, குட்டி உண்டா, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விசாரிப்பார். ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. கேட்பதே போதும் என்று அவள் இருந்தாள்.

இத்தனை வருஷத்தில் இதுதான் அவளுடைய முதல் சொந்தப் படம். அதுவரை செய்ததெல்லாம் பிறர் கொடுத்ததைப் பார்த்துப் போட்டது. நாட்காட்டி அருவி, பழைய புத்தகத்துக் குதிரை, எவனோ வெளிநாட்டில் எடுத்த போட்டோவிலிருந்த பனிமலை. இந்தச் சுவருக்குத் தம்பி ஒன்றும் கொடுக்கவில்லை. "உனக்கு என்ன தோணுதோ அதைப் போடுக்கா" என்று சொல்லிவிட்டான். அவள் ஒரு வாரம் வெறும் சுவரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மலை, அதிலிருந்து இறங்கும் ஆறு, ஆறு வந்து சேரும் குளம், குளத்துக்கு நாலா பக்கத்திலிருந்தும் தண்ணீர் குடிக்க வரும் மிருகங்கள். வெளிச்சம் இடது பக்கம். கூடத்தின் ஜன்னல் அங்கேதான் இருந்தது.

"கையெழுத்து போடட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டாள், கூச்சத்தோடு.

"கடைசியில போடலாம்க்கா. முழுசா முடியட்டும். கீழ் மூலையில ஜோரா போடலாம்."

இந்தக் கோடு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவள் சிரிப்பாள். பண நோட்டிலிருந்து வந்தது. சின்ன வயதில் அப்பாவின் சட்டைப் பையில் இருந்த நோட்டின் பின்பக்கம் ஒரு மலையும் யானையும் இருந்தன. டார்ச் லைட்டின் குவிந்த முன்கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பார்த்தாள். யானையே இல்லை, வெறும் கோடுகள். கண்ணாடியை எடுத்தால் யானை. வைத்தால் கோடு. எடுத்தும் வைத்தும் அவள் பார்த்துக்கொண்டேயிருந்ததைப் பார்த்து அப்பா, "என்னடி, அது குட்டி போடுமான்னு பாக்கறியா?" என்றார். நோட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் காதின் கோடுகள் அவளுக்கு மனப்பாடம்.

அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தம்பியைக் குளிப்பாட்டியதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அக்காதான். அவன் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தபோது அவனுடைய ரெக்கார்டு நோட்டில் தவளையின் குடலை அவள் வரைந்து கொடுத்தாள். வாத்தியார் அந்த நோட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். மறுவாரம் தம்பி ஒரு கட்டு நோட்டோடு வந்து நின்றான். "ஃபிரண்ட்ஸுக்கா. பாவம், ஒருத்தனுக்கும் தவளை வரமாட்டேங்குது." அந்த வருஷம் அந்தக் கல்லூரியில் இருந்த தவளைகள், கரப்பான்கள், மண்புழுக்கள் அத்தனையும் அவள் கையிலிருந்து போனவைதான். நண்பர்கள் தம்பிக்கு சினிமா டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். அவளுக்குத் தவளைக்கா என்று பெயர் வைத்தார்கள். பேச்செல்லாம் தம்பி, கோடெல்லாம் அக்கா என்ற ஏற்பாடு அப்போது தொடங்கியது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. நடந்து நடந்து பாதை ஆகிவிட்டது.

குளக்கரையில் விட்டுவைத்திருந்த இடம் ஒரு நாய்க்கு.

தம்பி சின்னப் பையனாக இருந்தபோது தெருவிலிருந்து ஒரு நாயைத் தூக்கி வந்தான். ஒரு காது விறைத்து நிற்கும். இன்னொன்று எந்தச் சண்டையிலோ கிழிந்து, மடிந்து, கண்ணுக்கு மேலே தொங்கும். ஒத்தக்காது என்று கூப்பிட்டார்கள். அவன் எங்கே உட்கார்ந்தாலும் அது அவன் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுக்கும். ஒருநாள் லாரி ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடியது. திரும்பி வரவில்லை. அவன் சாப்பிடாமல் வாசலிலேயே கிடந்தான். "அதை வரைஞ்சு குடுக்கா" என்று அழுதான். அவள் வரைந்து பார்த்தாள். எல்லாம் வந்தது. அந்த மடிந்த காது மட்டும் வரவில்லை. நாய்க்குத் தொப்பி போட்ட மாதிரி இருந்தது. அழுகைக்கு நடுவில் அவன் சிரித்துவிட்டான். "கை பழகட்டும்டா. பின்னாடி போட்டுத் தரேன்" என்றாள்.

இப்போது கை பழகிவிட்டது. வீட்டில் பால் வந்த அட்டை, மருந்துப் பெட்டி, மின்சார பில்லின் பின்பக்கம் என்று எல்லாவற்றிலும் அந்தக் காதைப் போட்டுப் பார்த்திருந்தாள். மடிப்புக்கு உள்ளே குறுக்குக் கோடு கூடாது. ஒரே வரிசை, அதுவும் நுனியில் நின்றுவிட வேண்டும். மற்ற மிருகங்கள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அதை வைப்பாள். அவன் சாயங்காலம் போனைத் தூக்கிக்கொண்டு வருவான். பார்ப்பான். அதற்குமேல் அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

*

முயல் முடிந்து இரண்டு மாசம் ஆகியிருந்தது. கொஞ்ச நாளாக இருந்த பல்வலி அந்த வாரம்தான் உச்சத்துக்குப் போனது. கன்னம் வீங்கிவிட்டது.

"மார்க்கெட்டுக்கு எதிர்க்க மூணாவது மாடியில ஒரு டாக்டர் இருக்காராம். நல்லா பாக்கறாராம்" என்றாள்.

வீட்டுக்காரர் காலையில் ஷூ போட்டுக்கொண்டிருந்தார். "அங்கயா? அங்க வேண்டாம். அந்த பில்டிங்ல லிஃப்ட் ரிப்பேர். மூணு மாடி ஏறுவியா இந்த மூஞ்சியோட? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட போ."

"பல்லுதாங்க வலிக்குது. காலு நல்லாத்தான் இருக்கு."

அவர் வேறு ஏதோ சொல்ல வந்து, லேஸ் கட்டக் குனிந்துவிட்டார்.

அவள் அந்தக் கட்டடத்துக்கே போனாள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்து, ஒரு கிழவரையும் கட்டுப்போட்ட காலோடு ஒரு பெண்ணையும் இறக்கிவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு மேலே போனது. சத்தம்கூட இல்லை. எண்ணெய் போட்டு அதிக நாள் ஆகியிருக்காது.

பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில் முதலில் அவள் பார்த்தது எருமைகளை. அவளுடைய எருமைகள்.

சுவர் முழுக்க மலையும் ஆறும் குளமும். கூடத்தில் இருப்பதைவிடச் சின்னதாக, வழவழவென்று. அவள் கால் தானாகவே கிட்டே போயிற்று. விரல் நுனியால் தொட்டாள். காகிதமாகவும் இல்லை, துணியாகவும் இல்லை. சுவரில் ஒட்டும் வினைல், அச்சடித்த பிளாஸ்டிக். அவள் போன வாரம்தான் போட்டு முடித்த வலது பாதி இதில் வேறாக இருந்தது. எப்படி என்று உடனே தெரியவில்லை. பிறகு தெரிந்தது. இடது பாதியை அப்படியே கண்ணாடியில் காட்டினதுபோல் திருப்பிப் போட்டு நடுவில் ஒட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு மான், எதிரே அதே மான். இந்தப் பக்கம் எருமைக் குட்டி தாயை இடிக்கிறது, அந்தப் பக்கமும் இடிக்கிறது. மேட்டின்மேல் முயல். அதன் காதுக்கு மேலே எட்டிப் பார்க்கிற ஒற்றைக் கோரைப்புல். எதிர் மேட்டிலும் முயல், அதற்கும் ஒரு புல். ஒரே குளத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் வெயில் அடித்தது. வலது பாதியில் கோடுகள் மாற்றிச் சாய்ந்திருந்தன. எதிரில் இன்னொருத்தி உட்கார்ந்து இடது கையால் போட்ட மாதிரி.

கீழ் மூலையில் சின்னதாகத் தம்பியின் கடைப் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

"உக்காருங்கம்மா, கூப்பிடுவோம்," என்றாள் மேஜைக்குப் பின்னாலிருந்த பெண்.

"இது யாரு வரைஞ்சது?"

"எது? வால்பேப்பரா? கம்ப்யூட்டர்ல போட்டதும்மா. நல்லாருக்குல்ல? இங்க ஒரு முயல், அங்க ஒரு முயல். குழந்தைங்களுக்கு இதை எண்ணச் சொல்லிவிட்டா அழாம உக்காந்துக்கும். பூனைக்குட்டி படம் ஒண்ணும் கலர்ல காட்டினாங்க. எனக்கு அதுதான் புடிச்சிருந்துது. சார்தான் இதை எடுத்தாரு."

அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சிறுமி விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். எல்லாமே இரட்டைப்படையில் வந்தது.

உள்ளே டாக்டர் அவள் வாயைத் திறக்க வைத்து, விளக்கைச் சாய்த்தார். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "எதையோ கடிக்கிற பழக்கம் இருக்கு உங்களுக்கு. பல்லுல பள்ளமே விழுந்திருக்கு. என்ன கடிக்கிறீங்க?" என்று விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டே கேட்டார். விரலை எடுத்ததும், "பிரஷ்" என்றாள்.

"பல் தேய்க்கிறதா?"

"இல்ல. வரையறது."

"ஓ, டிராயிங் எல்லாம் பண்ணுவீங்களா? நல்ல பொழுதுபோக்கு." வீக்கம் வற்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இதைப் புடுங்கித்தான் ஆகணும். நாளைக்கு மத்தியானம் வாங்க."

*

வீட்டுக்காரர் மதியம் சாப்பிட வந்திருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"லிஃப்ட் ஓடுது," என்றாள்.

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "எந்த லிஃப்ட்?"

"மார்க்கெட்டுக்கு எதிர்க்க."

கை நின்றது. "பாத்துட்டியா?" என்றார்.

"நீங்க எப்ப பாத்தீங்க?"

"போன மாசம். கேபிள் மாத்தப் போனப்ப. தண்ணி குடிக்க உள்ள போனேன். நீ இங்க ஒண்ணொண்ணா சொல்லிட்டிருந்தல்ல, அந்த மான், அந்த எருமை... பாத்ததும் தெரிஞ்சுது."

"சொல்லல."

"உன் தம்பிகிட்ட போய்க் கேட்டேன். சட்டையப் புடிச்சுத்தான் கேட்டேன். 'மாமா, மாமா, வேலை முடியட்டும், நானே பக்குவமா சொல்லிக்கறேன். பாதியில தெரிஞ்சா அக்கா பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுரும்'னான். அதுவும் சரின்னு பட்டுது."

"யாருக்கு சரி?"

அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார்.

"அதுக்கப்புறமும் தினம் கேட்டீங்களே," என்றாள். "இன்னைக்கு என்ன மிருகம், எந்தப் பக்கம் பாக்குதுன்னு."

"கேக்காம விட்டா உனக்குச் சந்தேகம் வரும்னு..." என்று ஆரம்பித்தவர், அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பாதியிலேயே தெரிந்து வாயை மூடிக்கொண்டார்.

அவள் எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். தூரிகைப் பையைத் தோளில் மாட்டினாள். "சாப்பிட்டுப் போ" என்றார் அவர். கன்னத்தைக் காட்டிவிட்டுக் கிளம்பினாள்.

*

சாயங்காலம் தம்பி வந்தபோது அவள் பலகைமேல் இல்லை. கீழே, சுவருக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன தவளை, இன்னைக்கு லீவா? பல்லு எப்படி இருக்கு?"

"மூணாவது மாடிக்குப் போயிருந்தேன்டா. மார்க்கெட்டுக்கு எதிர்க்க."

அவன் போனைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையில் போட்டான். இன்னொரு நாற்காலியை இழுத்தான். பிளாஸ்டிக் கரகரவென்றது.

"நானே சொல்லணும்னுதான்க்கா இருந்தேன்."

"எத்தனை எடத்துல ஒட்டியிருக்க?"

"கொஞ்சம் எடத்துல. எல்லாருக்கும் புடிச்சிருக்குக்கா! உன் கை அப்படி. ஒரு சுவத்துல போட்டா நூறு பேரு பாப்பான். இப்ப எத்தனை ஆயிரம் பேரு பாக்கறான் தெரியுமா?"

"கம்ப்யூட்டர் போட்டதுன்னு பாக்கறான்."

"யாரு போட்டான்னு எவன்க்கா கேக்கறான்? சுவத்துல என்ன இருக்குன்னுதான் பாப்பான். தவளை நோட்டுல நம்ம பேரையா போட்டோம்?"

அவள் முயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பக்கமும் வெயில் அடிக்குதுடா" என்றாள் கடைசியில்.

"தெரியும். பிரிண்ட் போடறவனும் அதைத்தான் சொன்னான். அவசரத்துக்குத் திருப்பிப் போட்டது அது. இப்பதான் நீ வலது பக்கமும் முடிச்சிட்டல்ல, இனிமே முழுசா அடிக்கலாம்." நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தான். குரலைத் தணித்தான். "இன்னொரு விஷயம்க்கா. கோவப்படாத. இந்தச் சுவத்துலயும் அதையேதான் ஒட்டப்போறோம்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கா இது. சுவத்தைத் தினம் மருந்துத் தண்ணி போட்டுக் கழுவணும். உன் கருப்பு அதுக்குத் தாங்காதுல்ல. வினைல்னா துடைச்சுக்கலாம். இதே படம், இதே எடத்துல, இதே அளவுல. மேலேயே ஒட்டிருவோம். ஒரு வித்தியாசமும் தெரியாது."

"எப்ப சொன்னாங்க?"

"அது..."

"எப்படா சொன்னாங்க?"

"ஆரம்பத்துலயே," என்றான். "ஆனா மூலப்படம் ஒண்ணு வேணும்ல? சொந்தமா ஒண்ணு பேப்பர்ல போட உனக்கு வராது. சுவரு இருந்தாத்தான் வரும். எனக்குத் தெரியாதா உன்னை?"

அவனுக்குத் தெரியும். அது உண்மைதான். காகிதத்தின் முன்னால் அவள் சுருங்கிப்போவாள். இவ்வளவு பெரிய வெறும் சுவரைக் கொடுத்தால் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருப்பாள், பிறகு எழுந்து ஒரு மலையைக் கொண்டுவருவாள். அவளைப் பற்றி இந்த உலகத்தில் அவ்வளவு தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தெரிந்ததை எல்லாம் அவன் உபயோகப்படுத்தியிருந்தான்.

அவள் பேசாமல் இருந்ததை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். முகம் தெளிந்தது. எழுந்து சுவருக்குப் போனான்.

"இந்த ஒரு எடம்தான்க்கா காலியா இருக்கு. குளத்துக்கிட்ட. இதுல ஒண்ணு போட்டுட்டன்னா இன்னைக்கே எடுத்து அனுப்பிருவேன். காலையில பிரிண்ட் வந்துரும், ஆளுங்க ஒட்டிருவாங்க. நாளான்னிக்கு திறப்பு. பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு ஆடோ நாயோ. உனக்கு ஒரு மணி நேர வேலை."

"நாயா?" என்றாள்.

"நாய்னா எல்லாருக்கும் புடிக்கும்."

"எப்படி நாய்?"

"எப்படின்னா... நாய் மாதிரி."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண், மூக்கு, உதட்டின் மேலே அம்மை வடு. அவளே வேப்ப எண்ணெய் தடவிய வடு. எந்தக் கோட்டுக்குப் பின்னாலாவது ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

"காது எப்படி வைக்கட்டும்?"

"ரெண்டு காது. ஜம்முனு மேல தூக்கி. என்னக்கா புதுசா கேக்கற? நெட்ல பாத்துக்கோ, ஆயிரம் நாய் கிடக்கு." போனை எடுத்து அவனே தேடத் தொடங்கிவிட்டான். "இந்தா, இது நல்லாருக்கு பாரு."

போனில் ஒரு அழகான நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காதுகள் இரண்டும் நிமிர்ந்து ஒரே அளவாக இருந்தன.

அவள் எழுந்தாள். தூரிகைகளைத் தண்ணீர் டப்பாவில் விட்டு அலசினாள். ஒவ்வொன்றாக எடுத்து, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, துணியில் சுருட்டினாள். கருப்பு டப்பாவை மூடி, உள்ளங்கையால் தட்டி இறுக்கினாள்.

"என்னக்கா, நாளைக்கா? நாளைக்குன்னா லேட்டாயிரும்."

"முடிஞ்சிருச்சுடா."

"எங்க முடிஞ்சுது? இங்க வெள்ளையா கிடக்கே."

"அது விட்டது."

"விட்டதுன்னா?"

"விட்டதுன்னா விட்டதுதான்."

அவன் அந்த இடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். விளக்கைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிக் கேட்டான். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் விளக்கை ஒரு கையிலும் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படம் எடுத்தான். நேரே பிடித்தான். கோடெல்லாம் பளபளத்தது.

*

மறுநாள் காலையில் அவள் பலகையையும் ஏணியையும் எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனாள். வினைல் ஒட்டுகிற ஆட்கள் அவளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். சுவரில் பசை தடவி, இடது ஓரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தார்கள். மலை முடிந்து ஆற்றுக்கு வந்திருந்தார்கள். ஒட்டுகிறவர் ரப்பர் பட்டையால் காற்றுக் குமிழ்களைத் தள்ளிக்கொண்டே, "கீழ இருக்கறதும் இதேதான் போலிருக்கு. இதுக்கு எதுக்கு இன்னொண்ணு?" என்றார். கூட இருந்தவர், "நமக்கென்ன" என்றார். சுருளின் நுனி தரையில் படாமல் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று அவளைக் கேட்டார்கள். பிடித்துக்கொண்டாள். அந்தச் சுருளில், குளத்தின் இந்தக் கரையில், காலியாக இருந்த இடத்தில், முயலைப் பெரிதாக்கித் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதன் காதுக்கு மேலேயும் புல் இருந்தது. தம்பி இரண்டு தடவை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. பலகையை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாள்.

மதியம் மூன்றாவது மாடிக்குப் போனாள். லிஃப்ட்டில் கூட்டம் இல்லை. வீட்டுக்காரர் கீழே நின்று, கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். காத்திருக்கும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. பிறகு கூப்பிட்டார்கள். ஊசி போட்டு, மரத்த பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். வலிக்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். ரத்தம் நிற்கும்வரை எதையும் கடிக்க வேண்டாம் என்றார்கள்.